காற்றுக்கு முதுகு காட்டி

நெய்வேலி,
8.6.2014

அன்புத் தம்பி இளவழகனுக்கு அக்கா இளவேனில் எழுதுவது. இங்கே சோற்றுக்கும் மூச்சுக்கும் குறைவில்லை. கோவாவில் மழை பிடித்துவிட்டதா? வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா?

என் போனுக்கு ஆயுசு முடிந்துவிட்டது. தண்ணீர்த் தொட்டியில் விழுந்தது. புதுசு வேண்டாம் என்கிறார் உன் மாமா. இனிமேல் கடிதம்தான். குவார்ட்டர்ஸ் முகவரிக்குப் போடாதே. மெயின் பஜாரில் தையல் கடை வைத்திருக்கும் மஹ்பூபா என்னோடு பிளஸ் டூ படித்தவள்தானே, அவள் கடைக்குப் போடு. அவளுடைய போனில் கூப்பிடலாமே என்பாய். அது அவள் வீட்டுக்காரர் நிஜாமுதீன் பையில் ஊர் சுற்றுகிறது. வந்தாலும் கடையில் நின்று பேசினால் பஜாரே காது கொடுக்கும்.

எழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. வலது கையில் கட்டு. தோசை ஊற்றும்போது கவனமில்லாமல் கல்லில் வைத்துவிட்டேன். இது இடது கை எழுத்து.

டேய், அந்தக் கடலுக்குள் அப்படி என்னதான் படிக்கிறாய்? இயற்பியலில் உன்னைவிட எனக்குத்தான் மார்க் அதிகம். அப்பா சுரங்கத்துப் பம்ப் செக்‌ஷனில் கான்ட்ராக்ட் வேலை பார்த்துப் போய்ச் சேர்ந்ததால் நான் நின்றேன், நீ படித்தாய். அந்தக் கடனுக்காவது எனக்குச் சொல்லிக்கொடு. பகலில் வீடு ஓவென்று கிடக்கிறது, படிக்க எதுவுமில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.
அக்கா


கோவா,
24.6.2014

என் அருமை அக்காவுக்கு, தம்பி வணக்கம். நான் நலம். இங்கே மழை கொட்டுகிறது, துணி காய்ந்து மூன்று நாளாகிறது. கைக் கொப்புளம் வற்றியதா? மருந்து போடு, வீரம் காட்டாதே.

கேட்டாயே, இந்தா. காற்று அடித்தால் கடல் நீர் காற்று போகும் திசையில்தான் போகும் என்றுதானே நினைப்பாய்? இல்லை. பூமி சுற்றுகிறது அல்லவா, அதனால் நகரும் தண்ணீர் நம் பாதி உலகத்தில் வலப்பக்கம் ஒதுங்கும். மேல் அடுக்கு கொஞ்சம் ஒதுங்கும், அதன் கீழ் அடுக்கு இன்னும் கொஞ்சம், அதற்கும் கீழே இன்னும். எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் தண்ணீர் காற்றுக்குச் சரியாக வலப்பக்கம் போயிருக்கும். இதற்கு ஒரு சுலபமான வழி: காற்றுக்கு முதுகு காட்டி நில். வலது கையைப் பக்கவாட்டில் நீட்டு. தண்ணீர் போகும் பக்கம் அதுதான். உலகத்துப் பெரிய நீரோட்டங்கள் எல்லாம் இந்த ஒரு கையை வைத்துத்தான் தொடங்குகின்றன.

இன்னொன்றும் உண்டு. வடதுருவத்துக்குப் பக்கத்தில் கடல் குளிர்ந்து, உப்பு கூடி, கனத்து, அப்படியே அடிக்கு இறங்குகிறது. இறங்கியது தரையோடு ஊர்ந்து உலகத்தின் அடுத்த முனைவரை போகிறது. அது சுற்றி வர ஆயிரம் வருடம் ஆகலாம். மேலே கப்பலில் நிற்பவனுக்கு ஒன்றும் தெரியாது.

மார்க் கதையை இன்னும் எத்தனை வருடம் சொல்வாய்? இரண்டே மார்க்தான் அதிகம். மாமாவுக்கு என் வணக்கம்.

தம்பி


நெய்வேலி,
20.7.2014

தம்பிக்கு, அக்கா. உன் கடிதம் கண்டு மனம் நிறைந்தது. மூன்று முறை படித்தேன். மழையில் நனைந்து சளி பிடித்துக்கொள்ளாதே.

கொல்லையில் காற்றுக்கு முதுகு காட்டி நின்று, கட்டுப் போட்ட கையை நீட்டிப் பார்த்தேன். பக்கத்துக் குவார்ட்டர்ஸ் கஸ்தூரியம்மாள், "இன்னாம்மா, டிராபிக் போலீஸ் வேலை கெடச்சிட்சா?" என்று கேட்டாள். பாவம், அவள் சிரிப்பதே அபூர்வம். 2011இல் அடித்த 'தானே' புயலுக்கு முதல் நாள் கடலூருக்குப் போன அவள் வீட்டுக்காரர் இன்றுவரை வரவில்லை. ஆளும் இல்லை, உடம்பும் இல்லை. செத்தார் என்று சொல்ல ஏழு வருஷம் காத்திருக்க வேண்டுமாம். அதுவரை செத்தவர் இடத்தில் பெண்டாட்டிக்குத் தரும் கருணை வேலையும் இல்லை. குவார்ட்டர்ஸைக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வந்துவிட்டது. பூ வைப்பதா எடுப்பதா என்றுகூடத் தெரியாமல் இட்லி விற்றுக்கொண்டிருக்கிறாள்.

உன் மாமாவுக்கு நைட் ஷிப்ட். பகலில் அவர் தூங்கும்போது பாத்திரம் சத்தம் போடக் கூடாது. போன வாரம் ஒரு தட்டு விழுந்துவிட்டது. நானும் வாசல்படியில் விழுந்தேன், பல் ஒன்று போய்விட்டது. ஊரையே விழுங்கும் மண்வெட்டும் இயந்திரத்தை ஓட்டுகிற மனுஷர், முழங்கால் தண்ணீருக்கு மேல் இறங்கமாட்டார் தெரியுமா? நீச்சல் வராது.

அப்பா சொல்வாரே, "கீழ தண்ணி முட்டிக்கினு நிக்குது, ஒரு நாள் பம்ப நிறுத்துனா சொரங்கத்தயே தூக்கிடும்" என்று. அடியில் இறங்கிய உன் கடல் எங்கே மேலே வருகிறது? அதை நீ எழுதவில்லை.

இன்னொரு கேள்வி. கடலூர் தேவனாம்பட்டினத்தில் கார்த்திகை மாதம் ஒரு தேங்காயைக் கடலில் போட்டால் எங்கே போகும்?

நேரத்துக்குத் தூங்கு.
அக்கா


கோவா,
4.8.2014

அக்காவுக்கு, நலம், நலமே விழைகிறேன். ஒரு மாதத்தில் கை, பல்! அந்த வாசல்படியை இடித்துக் கட்டச் சொல் மாமாவிடம்.

அடியில் போன தண்ணீர் பெரும்பாலும் தென்துருவத்தைச் சுற்றி மேலே வருகிறது. அங்கே காற்றைத் தடுக்க நிலமே கிடையாது. ஊளையிட்டுக்கொண்டு அடிக்கும் காற்று மேல் தண்ணீரை ஒதுக்கித் தள்ள, கீழே கிடந்தது எழும்பி வருகிறது.

தேங்காய்க்கு வருவோம். இது என் ஆராய்ச்சிக்கே பக்கத்துக் கேள்வி! நம் கரையோரம் ஓடும் நீரோட்டம் வருடத்தில் இரண்டு முறை திசை மாறும். மாசி பங்குனியில் வடக்கே, ஐப்பசி கார்த்திகையில் தெற்கே. கார்த்திகையில் போட்டால் உன் தேங்காய் நாகப்பட்டினம் தாண்டி, இலங்கையைச் சுற்றிக்கொண்டு போய்விடும். திரும்பி வராது. என் பெயரை எழுதிப் போடு, மாலத்தீவில் யாராவது சட்னி அரைக்கட்டும்.

சாப்பாட்டில் குறை வைக்காதே.
தம்பி


நெய்வேலி,
15.9.2014

அஸ்ஸலாமு அலைக்கும் தம்பி. நான் மஹ்பூபா. எல்லாரும் சொகமா இருக்கணும்னு துவா செய்யறேன். உங்க அக்கா ரெண்டு மாசமா எழுதலன்னு நெனச்சிருப்பீங்க. எழுத முடியல. இதை நான் எழுதறது அவளுக்குத் தெரியாது. சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணிக் குடுத்தேன். அதை ஒடச்சிட்டுதான் எழுதறேன், அல்லா என்னை மன்னிக்கட்டும்.

தோசக்கல்லுல அவளா கைய வைக்கல தம்பி. அவ புருஷன் ராஜாங்கம் புடிச்சி வச்சான். சட்னியில உப்பு ஜாஸ்தியாம். பத்து எண்ணச் சொல்லிட்டு, அவ பத்து சொன்ன பொறவுதான் கைய வுட்டான். போனு தொட்டியில வுழல, செவுத்துல அடிச்சி ஒடச்சான். பல்லு படியில போகல, அவன் முட்டியில போச்சி.

ஆவணியில அவளுக்கு மூணு மாசம். அவனுக்குத் தெரியும். தெரிஞ்சிகினே ஷிப்ட் பூட்ஸோட வயித்துல ஒதச்சான். ரத்தத்தோட என் கடைக்கு நடந்து வந்தா. நான்தான் ஆட்டோ புடிச்சி ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போனேன், புள்ள தங்கல. அங்கயும் "வழுக்கி வுழுந்துட்டேன்"னுதான் சொன்னா. அவ முதுகு தைக்காத துணி மாதிரி கிழிஞ்சி கெடக்குது தம்பி. எனக்குப் பயமா இருக்குது. அடுத்தது அவ உயிர்தான்.

வாங்கன்னும் சொல்லமாட்டேன், வராதீங்கன்னும் சொல்லமாட்டேன். நீங்க கூடப் பொறந்தவரு. உங்களுக்குத் தெரியணும்.

மஹ்பூபா


கோவா,
22.9.2014

அக்கா,

நலம் விசாரிக்க வாய் வரவில்லை. உன் வாசல்படியை இடித்துக் கட்டச் சொல்லிக் கேலி எழுதினேனே, என் கையை முறிக்க வேண்டும். போன பொங்கலுக்கு வந்து அந்த நாயோடு ஒரே இலை வரிசையில் உட்கார்ந்து கறி தின்றேன். நீ முழுக்கை ரவிக்கை போட்டிருந்தாய். "பேஷனா?" என்று கேட்டேன். சிரித்தாய்.

நான் வருகிறேன். அரிவாளோடு வருகிறேன். அவன் கையை அதே கல்லில் வைத்து நூறு எண்ணச் சொல்கிறேன். எண்ண முடியாவிட்டால் நான் எண்ணுகிறேன். ஆராய்ச்சியாவது மண்ணாவது. ஜெயிலுக்குப் போனால் போகிறேன். ராத்திரியெல்லாம் அவனை வெட்டிக்கொண்டே இருக்கிறேன் அக்கா, விடிந்தால் உயிரோடு இருக்கிறான்.

மஹ்பூபா அக்காவைத் திட்டாதே. ஒரு வரி எழுது. வரட்டுமா?

தம்பி


நெய்வேலி,
12.10.2014

தம்பிக்கு, அக்கா. எழுந்து நடமாடுகிறேன். சோறு இறங்குகிறது. நீ கோபத்தில் பட்டினி கிடக்காதே.

வராதே. போன பொங்கலுக்கு நீ என் வளையல் எங்கே என்று அவரிடம் கேட்டுவிட்டுப் பஸ் ஏறினாய். பஸ் வடக்குத்து தாண்டியிருக்காது, எனக்கு விலா எலும்பு போய்விட்டது. நீ வெட்டினால் நீ ஜெயிலில், நான் தெருவில். நம் இரண்டு பேர் வாழ்க்கையையும் அவருக்கே கொடுத்ததாக ஆகும்.

நான் சும்மா இருந்தேன் என்று நினைக்காதே. முத்தாண்டிக்குப்பத்தில் அவருடைய ஆட்களிடம் போய் நியாயம் கேட்டேன். அவர் பெரியப்பா சாமிக்கண்ணு, "ஆம்பள கோவக்காரன், நீதாம்மா அனுசரிச்சிகினு போவணும்" என்றார். வடக்குத்தில் சித்தி வீட்டில் போய் இருந்தேன். மூன்றாம் நாள் மண்ணெண்ணெய் கேனோடு வந்தார். சித்தி பிள்ளைகள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நடுக்கூடத்தில் என் தலையில் ஊற்றிவிட்டு, "இப்ப ஊத்துனதோட வுட்டேன். அடுத்த வாட்டி கொளுத்திட்டுதான் பேசுவேன்" என்றார். அந்தச் சின்னப் பெண் இன்னமும் அந்த வாசனைக்கு அழுகிறதாம். நானே திரும்பி நடந்தேன். தலையைத் தேய்த்துக் குளிக்கவும் இரண்டு நாள் விடவில்லை. விளக்கு ஏற்றும்போதெல்லாம் எதிரில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

தைப் பொங்கலை நான் பார்ப்பேன் என்று எனக்குத் தோன்றவில்லை. பயந்து சொல்லவில்லை. கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.

நவம்பர் 22, கார்த்திகை அமாவாசை. அவருடைய அப்பாவுக்குத் திதி. வருஷாவருஷம் போவது போல தேவனாம்பட்டினம் போகிறோம். நீ ஒன்றை மட்டும் எனக்கு உறுதியாகச் சொல். கார்த்திகையில் அந்தத் தேங்காய் தெற்கேதான் போகுமா?

அக்கா


கோவா,
27.10.2014

அக்கா, அக்கா, என் அக்கா,

இது என்ன கேள்வி? ஏன் திரும்பத் திரும்பக் கேட்கிறாய்? நீ அந்தத் தண்ணீரில் கால் வைக்கக் கூடாது. அப்பா மேல் ஆணை. கார்த்திகைக் கடல் ஒரு நாளில் இருபது, முப்பது கிலோமீட்டர்கூட ஓடும். போனால் போனதுதான், உன்னை யாரும் கண்டெடுக்க முடியாது, கொள்ளி வைக்க எனக்கு உடம்புகூடக் கிடைக்காது. அவனுக்குப் பயந்து நீ ஏன் சாக வேண்டும்? சாக வேண்டியவன் நீயா?

நவம்பர் 3 கப்பல் ஏறுகிறேன். வங்கக் கடலில் மிதவைகள் போட்டு நீரோட்டம் அளக்கும் வேலை. விலக்குக் கேட்டேன், விடவில்லை. டிசம்பர் 20 கரைக்கு வருவேன். வந்ததும் நேரே நெய்வேலி. உன்னைக் கையோடு கூட்டிவருகிறேன். இங்கே ஓர் அறை பார்த்துவிட்டேன், சின்னது, ஆனால் ஜன்னல் உண்டு. ஐம்பது நாள். ஐம்பதே நாள் பொறுத்துக்கொள்.

உன் தம்பி


சென்னைத் துறைமுகம்,
29.11.2014

அக்கா,

நீ உயிரோடு இருக்கிறாய். அது போதும். 24ஆம் தேதி கோவாவிலிருந்து கப்பலுக்குச் செய்தி வந்தது. திதி கொடுக்கப் போன இடத்தில் உன் கணவரை அலை இழுத்துவிட்டது, உடல் கிடைக்கவில்லை என்று. கேப்டன் என் தோளைத் தட்டி ஆறுதல் சொன்னார். நான் குனிந்துகொண்டேன், சிரித்துவிடுவேனோ என்று பயமாக இருந்தது. அப்புறம் உன் தேங்காய் நினைவுக்கு வந்தது. சிரிப்பு நின்றுவிட்டது.

நான் உனக்குச் சொன்னது பாதி. நீ சாகப் போகிறாய் என்று நினைத்து, பயமுறுத்துவதற்காக அந்தப் பாதியையே மறுபடியும் சொன்னேன். தெற்கே போகும் என்பது சரி. திரும்பி வராது என்பது தப்பு. கார்த்திகையில் வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து அடிக்கிறது. மேல் தண்ணீர் கரையைப் பார்த்துத்தான் ஒதுங்கும், அலையும் சேர்ந்து தள்ளும். இந்த வாரம் நாங்கள் சென்னைக்குக் கீழே போட்ட மிதவைகளில் ஒன்று ஐந்தே நாளில் கரையேறி மணலில் கிடந்தது. அதைக் கணிப்பொறியில் பார்த்துவிட்டுக் கழிவறையில் போய் வாந்தி எடுத்தேன்.

அவன் வருவான் அக்கா. சாமியார்பேட்டைக்கும் பரங்கிப்பேட்டைக்கும் நடுவில் எங்காவது, ஒரு வாரம் பத்து நாளுக்குள். உடம்பு கிடைத்தால் கேள்வி வரும், யார் பக்கத்தில் நின்றது என்று கேட்பார்கள். என்னை நம்பி நீ ஏதாவது செய்திருந்தால், உன்னைத் தூக்குமேடைக்கு அனுப்பியது என் கடிதம்தான். எல்லாவற்றையும் எரி. இதையும்.

போனில் இதைப் பேச எனக்குத் தைரியமில்லை. கப்பல் எண்ணெய் நிரப்பத்தான் இங்கே ஒதுங்கியது, சாயங்காலமே புறப்படுகிறது. ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்தத் தேங்காய் யார்?

தம்பி


நெய்வேலி,
14.12.2014

தம்பிக்கு, அக்கா. உடம்பு நன்றாக இருக்கிறது. நாலு நாளாகப் பகலிலும் தூங்குகிறேன். பாத்திரத்தை வேண்டுமென்றே கீழே போட்டுப் பார்த்தேன், நல்ல சத்தம். கப்பலில் வாந்தி நின்றதா?

நீ பயந்தது போலவே வந்துவிட்டான். 27ஆம் தேதி விடிகாலையில், சாமியார்பேட்டையில். அரைஞாண் கயிற்றையும் அவன் பெயர் பச்சை குத்திய கையையும் பார்த்து, "இவர்தான்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். உன் கடிதம் அதற்கு ஐந்து நாள் கழித்து வந்தது. எல்லாம் எழுதியிருக்கிறாய், எனக்குத்தான் இரண்டு மார்க் அதிகம் என்பதை மறந்துவிட்டாய்.

போன வருஷத் திதியைப் பற்றி நான் உனக்கு எழுதவே இல்லை. பிண்டத்தைக் கடலில் விட்டான். அது திரும்பிவந்து அவன் காலில் ஒட்டியது. மறுபடி விட்டான், மறுபடி வந்தது. அப்பன் ஏற்றுக்கொள்ளவில்லை, பெண்டாட்டி ராசி என்று, ஐயர் முன்னால், அத்தனை ஜனத்துக்கு முன்னால், ஈர மணலில் என் தலைமுடியைப் பிடித்து இழுத்து மிதித்தான். சோறு ஏன் திரும்பி வந்தது என்று ஆறு மாதம் யோசித்தேன். உன் முதல் கடிதத்தில் விடை இருந்தது. வடகிழக்குக் காற்றுக்கு முதுகு காட்டி நின்றால் என் வலது கை கரையைக் காட்டுகிறது. நீ மாலத்தீவுச் சட்னி என்று எழுதியபோது, இவன் சொந்தப் பாடத்தையே மறந்துவிட்டான் என்று சிரித்தேன். அக்டோபரில் மறுபடி கேட்டேன், நீ என்னை மறுத்துச் சொல்ல ஏதாவது இருக்கிறதா என்று பார்க்க. தெற்கே எவ்வளவு வேகம் என்பதையும் சேர்த்துச் சொன்னாய்.

நான் கேட்டது அவன் திரும்பி வரக் கூடாது என்பதற்காக இல்லை. அவன் வந்தே தீரவேண்டும் என்பதற்காக. காணாமல் போனவன் பெண்டாட்டி எப்படி இருப்பாள் என்று கஸ்தூரியம்மாளைத் தினமும் பார்க்கிறேன். ஏழு வருஷம் அவன் பெயரைச் சுமந்துகொண்டு, கதவு தட்டினால் அவனோ என்று நடுங்கிக்கொண்டு இருக்க என்னால் முடியாது. எனக்கு உடம்பு வேண்டும்.

இந்த வருஷமும் பிண்டம் திரும்பி வந்தது. காலையிலேயே குடித்திருந்தான். "இன்னாடி இது, திரும்பித் திரும்பி வருது?" என்று என் பக்கம் பார்த்தான். பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான், கரைக்கு வந்தால் எனக்கு என்ன நடக்கும் என்று தெரியும். "இன்னும் கொஞ்சம் உள்ளே போய் வுடுங்க. ஏத்துக்குவாரு" என்றேன். கூடவே இறங்கினேன். நான் இடுப்பளவில் நின்றேன், அவன் மார்பளவு போனான். அலை காலை வாரியது. எழுந்தான், தண்ணீரைத் துப்பினான், கையை நீட்டினான். "ஏய், புடிடீ" என்றான். இரண்டு முழம்தான் இடைவெளி. ஆறு மாதமாக உனக்கு எழுதி எழுதிப் பலம் ஏறிய இடது கை அவன் பக்கம்தான் இருந்தது. நீட்டவில்லை. அடுத்த அலையில் தலை போனது, கை மட்டும் தெரிந்தது. நான் பத்து எண்ணினேன். மெதுவாக, அவன் சொல்லிக்கொடுத்த மாதிரி. அதற்குப் பிறகுதான் கத்தினேன். என்னைப் பிடித்து இழுக்க நாலு பேர் தேவைப்பட்டார்கள். சுண்டல் விற்கும் வீராயி, பொண்டாட்டி கூடவே சாகப் பார்த்தாள் என்று ஸ்டேஷனில் அழுது சொல்லியிருக்கிறாள்.

இறப்புச் சான்றிதழ் கிடைத்துவிட்டது. கருணை வேலைக்கு மனு எழுதிக் கொடுத்துவிட்டேன். பம்ப் செக்‌ஷன் கிடைத்தால் நல்லது என்று சொல்லியிருக்கிறேன். அப்பா நின்ற இடம்.

நீ கேட்டதற்கு இதுதான் பதில். உன் கடிதங்களை அடுப்பில் போட்டுவிட்டேன். என்னுடையதை நீ எரித்தாலும் சரி, போலீஸிடம் கொண்டுபோய்க் கொடுத்தாலும் சரி, உன்மேல் எனக்கு வருத்தம் வராது. வயிற்றிலேயே போன என் பிள்ளைக்காகவும்தான் கையை நீட்டவில்லை, அதற்கு யாரிடமும் நான் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. பொங்கலுக்கு வந்தால் கறி செய்வேன். வராவிட்டால், நீ யோசித்துக்கொண்டிருக்கிறாய் என்று எடுத்துக்கொள்வேன்.

கட்டு அவிழ்த்தாயிற்று. தோல் சுருங்கித்தான் இருக்கிறது, விரல்கள் மடங்குகின்றன. இந்தக் கடிதம் முழுவதும் வலது கையால் எழுதினேன். எழுத்து பழையபடி இருக்கிறதா என்று சொல்.

அக்கா
இளவேனில்